அப்பு போன அன்றும் அதற்குப் பிறகும்

எல்லோரும் அப்பு என்று அழைத்த கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாரை உயிரோடு இருந்தபோது நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் போன பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இரண்டு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம். தன் அண்ணன், நடிகர் சிவராஜ்குமாரின் புதுப்படத்துக்கு அன்று காலையில்தான் வாழ்த்துச் சொல்லிப் பதிவிட்டிருந்தார் அப்பு. உடற்பயிற்சிக்குப் பிறகு உடம்பு என்னவோ செய்கிறது என்று மருத்துவரிடம் போனவர் பிற்பகலில் இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, எழுத்து ஓடிக்கொண்டிருந்த திரையையே பார்த்தபடி அம்மா நின்றுவிட்டார். 46 வயது சாகிற வயதா? அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய் வாசல் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.

அந்தப் பூட்டுக்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, அப்புவின் தந்தையும் கன்னடத் திரையுலகின் பெரும் நட்சத்திரமுமான டாக்டர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது, அவர் திரும்பி வரும்வரை 108 நாளும் இந்த ஊர்த் தமிழர்கள் எப்படி நடமாடினார்கள் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 2006 ஏப்ரல் 12 அன்று ராஜ்குமார் இயற்கையாகவே மறைந்தார் என்றாலும், துக்கம் கலவரமாக மாறி, பேருந்துகள் எரிந்து, உயிர்களும் போயின. அன்று வேலை முடிந்து ஏழு கிலோமீட்டர் நடந்தே வீடு வந்த அப்பா, வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு சொன்னார். கன்னடம் நன்றாகப் பேசுபவர்தான், ஆனால் பேச்சில் தமிழ் வாடை தெரிந்துவிடுமோ என்ற பயம். ஆகவே 2021இலும் அவருடைய கை தானாகவே பூட்டைத் தேடியதில் வியப்பில்லை.

ஆனால் தெருவில் சத்தமே இல்லை. சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுக் கன்னடப் பையன், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், அவர்கள் வீட்டு மாடிப்படியில் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். இருட்டிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அப்பா கேட்டைத் திறந்துகொண்டு, காபி டம்ளரைத் துண்டு நுனியால் பிடித்தபடி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பு பிறந்தது எங்கள் மெட்ராஸில்தான் தெரியுமா?" என்று அவனிடம் கன்னடத்தில் கேட்டதை நான் வாசலில் நின்று கேட்டேன். உண்மைதான், 1975இல் அப்பு பிறந்தது சென்னையில். அந்தப் பையன் தலையை நிமிர்த்திக் காபியை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் நானும் அவனும் அப்புவின் உடல் வைக்கப்பட்டிருந்த கண்டீரவா விளையாட்டரங்குக்குப் போனோம். வரிசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இரவெல்லாம் பேருந்தில் வந்தவர். என்னுடைய கன்னடத்தைக் கேட்டுத் "தமிழா?" என்றார். ஆமாம் என்றதும், கூட்ட நெரிசலில் நான் தள்ளப்படாமல் இருக்கத் தம் பைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே எனக்கு இடம் விட்டார். பல மணி நேரம் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தைப் பார்க்கக் கிடைத்தது சில வினாடிதான். கண்களை முந்தைய நாளே தானமாக எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னால் யாரோ தழுதழுத்த குரலில் சொன்னது காதில் விழுந்தது.

அக்டோபர் 31 அதிகாலையில், பெற்றோரின் சமாதிகளுக்கு அருகே, கண்டீரவா ஸ்டுடியோவில் அவரை அடக்கம் செய்தார்கள். அப்போதைய கர்நாடக முதலமைச்சர் பசவராஜ் பொம்மை குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்ட காட்சியைப் பார்த்து அப்பா அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த நாள் நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் சொன்ன செய்திதான் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. வழக்கமாக இரண்டு கருவிழிகள் இரண்டு பேருக்குப் பயன்படும். அப்புவின் ஒவ்வொரு கருவிழியையும் முன்படலம், பின்படலம் என்று பிரித்து, முன்பகுதி பழுதானவர்களுக்கு முன்படலத்தையும் உட்பகுதி பழுதானவர்களுக்குப் பின்படலத்தையும் பொருத்தி, நான்கு இளைஞர்களுக்குப் பார்வை கிடைக்கச் செய்திருந்தார்கள். அவருடைய தந்தையும் தாயும்கூடக் கண்தானம் செய்தவர்களே. அப்பா என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்: சர்க்கரை இருந்தால் எடுப்பார்களா, கண்ணாடி போட்டிருந்தால்? இரண்டும் தடையில்லை என்று விசாரித்துச் சொன்னேன். மறு வாரமே படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

2023 பிப்ரவரியில் ஒரு விடியற்காலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படிவத்தை நினைவில் வைத்திருந்து, ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று கண் வங்கிக்குத் தொலைபேசியில் சொன்னவன் அந்தப் பக்கத்து வீட்டுப் பையன். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு அடியில் தலையணை சொருகியதும் அவன்தான். வந்தவர்கள் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். முகம் கோரமாகிவிடுமோ என்று அம்மா கதவருகே நடுங்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து பார்த்தால், அப்பா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்வாரே, அதே முகம்.

அன்று முழுவதும் எங்கள் வாசல் கேட் திறந்தே கிடந்தது.