வீட்டுக்குள் செருப்பு: உங்களுக்கு நடந்தது என்ன?

மேலவாசல்:

அம்மாவுக்குச் சர்க்கரை, 19 வருஷம். போன தையில் பாதப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொடுவார்களே, 10 கிராம் அழுத்தம் வந்ததும் வளைந்துகொள்ளும், அதுதான். தொடுவது தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு இடம் தொட்டு முடித்த பிறகு, "எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு, மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்தது. வெளிச் செருப்பு வேறு. இது வாசப்படியைத் தாண்டியதே இல்லை.

ஆனி மாதம் பெரியத்தை வந்திருந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அத்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். சொம்பை வாங்கி டீப்பாயில் வைத்துவிட்டு, "அடுப்படிக்கும் இதோடதான் போறியா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி, காலாலேயே சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டார். சின்னப் பிள்ளை திருடித் தின்றதை மறைக்கிற மாதிரி. அத்தை கிளம்பும்வரை அது வெளியே வரவில்லை. அந்தத் தண்ணீரையும் யாரும் குடிக்கவில்லை.

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரவுப்பணி:

எங்கள் வீட்டில் நடந்தது இது. இரவு இரண்டரை மணி, அப்பாவுக்கு நெஞ்சுவலி, 108-க்குப் போன் போட்டோம். சீக்கிரம் வந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்து நிலைப்படியில் கால் வைக்கும்போது அம்மா சொன்னார்: "தம்பி, செருப்பு…"

வேண்டுமென்றே சொல்லவில்லை. நாற்பது வருஷமாக அந்த இடத்தில் நின்று சொன்ன வார்த்தை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. முன்னால் வந்த பையன் ஒரு நொடி நின்று தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். அப்புறம் உள்ளே ஓடிவிட்டான்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆனால் அம்மா இன்னும் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறார், "நான் சொன்னதாலதான் அவன் நின்னானா?" என்று. இல்லையம்மா, லேஸ் அவிழ்ந்திருந்தது, அதைத்தான் பார்த்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நலம்விரும்பி67:

மேலவாசல், உங்கள் அத்தை மேல் தப்பு இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் செருப்பு திண்ணையோடு சரி. எனக்கும் ஒரு அனுபவம் உண்டு: மாமனார் வீட்டில் ஸ்லிப்பரோடு பூஜை அறைப் பக்கம் போய்த் திட்டு வாங்கினேன். அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலில், பின்பக்கம் வார் வைத்த செருப்பா? இல்லையென்றால் மாற்றுங்கள். மரத்த காலில் செருப்பு நழுவிப் போவதே தெரியாது. ஒரு செருப்பு போன அறையில் கிடக்க, அவர் இந்த அறையில் நடந்துகொண்டிருப்பார். கட்டைவிரல் இடுக்கில் வார் போகிற ஹவாய் ரகமும் வேண்டாம், அந்த இடம்தான் முதலில் புண்ணாகும். வாங்குவதைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும். தினமும் ராத்திரி முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீரில் கால் வைக்கவே கூடாது, சூடு தெரியாமல் வெந்து போகும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கிரீம் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். செருப்பைப் போடும் முன் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், உள்ளே கல் கிடக்கும்.

இந்த எம்.சி.ஆர். ரப்பர் ஒன்றும் புது நாகரிகம் இல்லை. தொழுநோயில் மரத்துப்போன பாதங்களுக்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் செருப்புக்குக் கொண்டுவந்தது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

மற்றபடி வெளியாட்கள் விஷயத்தில் நான் கறார். சிலிண்டர் போடுகிறவர், கரண்ட் வேலைக்கு வருகிறவர், யாராக இருந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தெருவில் எதையெதை மிதித்து வருகிறார்களோ. சுத்தம் என்றால் எல்லாருக்கும் சுத்தம்தான்.

ஒயர்மேன்:

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன் சார். கரண்ட் வேலைக்கு வருகிறவன் நான்தான்.

ஒரு வீட்டில் ஹாலில் சுவிட்ச் போர்டு வேலை. அப்போதுதான் ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். ரப்பர் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். மெயினை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். இன்வெர்ட்டர் லைன் அந்தப் போர்டுக்கு வருவதை அவர்கள் சொல்லவில்லை, டெஸ்டர் வைத்துப் பார்க்காதது என் தப்பு. வெறுங்கால், ஈரத் தரை. முழங்கைவரை இழுத்தது. ஸ்க்ரூ டிரைவர் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை.

அந்த அம்மா பயந்து போய் உள்ளே ஓடினார். தண்ணீர் கொண்டுவருவார் என்று நினைத்தேன். மணை கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு உட்காருகிற மணை, மாக்கோலம் கூட அழியவில்லை. "இதுமேல நின்னு செய்யுங்க தம்பி" என்றார். காய்ந்த மரம், கரண்ட் ஏறாது, அவர் கணக்கு சரிதான். மாப்பிள்ளை மாதிரி மணைமேல் நின்று மிச்ச வேலையை முடித்தேன். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

ஒரு நாளைக்கு எட்டு வீடு போகிறேன் சார். எட்டு வாசலில் கழற்றி நடந்தால் உங்கள் தெருவின் அழுக்கு என் உள்ளங்காலில்தான் இருக்கும். அதைத்தான் உங்கள் தரையில் வைக்கிறேன்.

நலம்விரும்பி67:

தம்பி, நான் உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதையும் அணைத்துவிட்டு, அந்தப் போர்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே…

ஒயர்மேன்:

அதைத்தான் சார் நானே எழுதியிருக்கிறேன்.

தென்திசை:

சுத்தம் என்றால் எல்லாருக்கும் சுத்தம்தான் என்று மேலே எழுதியிருக்கிறது. இருக்கலாம்.

எங்கள் தாத்தா சென்னைக்கு ஒரே ஒரு முறை வந்தார், நான் வீடு வாங்கியபோது. அடுக்குமாடி. ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. நான் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், தாத்தா செருப்பைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறார். மதிய வெயில், சிமென்ட் தரை. லிஃப்ட்வரை எண்பதடி இருக்கும். செக்யூரிட்டி எழுந்து நின்று பார்த்தார்.

ஊரில் மேலத்தெருவைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அந்தத் தெரு முழுக்க எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில்தான் எடுத்துப் போக வேண்டும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

"தாத்தா, போட்டுக்கோங்க, இது நம்ம வீடு" என்றேன். "தெரியுதுய்யா. பெரிய கேட்டா இருந்துச்சா, கை தானா போயிருச்சு" என்றார்.

என் வீட்டிலும் செருப்பை வெளியேதான் விடுகிறோம். வருகிறவர்களிடம் மட்டும் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மனைவிக்கு இதில் கோபம் உண்டு.

மேலவாசல்:

நலம்விரும்பி, பின்வார் வைத்ததுதான் வாங்கியிருக்கிறோம். நன்றி.

அத்தையிடம் வேலூர்க் கதையெல்லாம் சொல்ல முடியாது. தொழுநோய் என்ற சொல்லைக் கேட்டால் அப்புறம் வீட்டுப் பக்கமே வர மாட்டார்.

இப்போது நிலைமை இதுதான். அம்மா அடுப்படிக்குச் செருப்போடு போகிறார். பூஜை அலமாரி முன்னால் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார். வார் மாட்டுகிற கொக்கியைக் கழற்றி, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, மூன்று எட்டு வெறுங்காலில் போய் விளக்கேற்றுகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் நான் அந்த மூன்று எட்டுத் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து வைக்கிறேன். நேற்று ஒரு ஊக்கு கிடைத்தது.