நிபோங் திபால் கேம்பஸ்: பட்டர்வொர்த்திலிருந்து தினமும் போய் வர முடியுமா?

பட்டர்வொர்த் அம்மா:
மகனுக்கு யூஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. பினாங்குத் தீவில் குளுகோரில் உள்ள தலைமை வளாகம் என்று நினைத்தோம், பொறியியல் வளாகம் நிபோங் திபாலாம். சுற்றிலும் செம்பனையும் கம்பமும்தான் (கிராமம்) என்கிறார்கள். கொமுட்டர் ரயிலில் போய் வரட்டுமா, ஹாஸ்டலில் விடுவதா? பையன் சைவம் வேறு.

ஜாலான் பாரு:
ரயில் நல்ல ரயில்தான். இறங்கிய பிறகுதான் பாடு. மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் கிராப் டாக்சிக்கே காசு போய்விடும்.

கிரியான்காரன்:
அக்கா, நான் அந்த வளாகத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். முகவரியைப் பார்த்து நிபோங் திபாலில் இறங்க வேண்டாம். அடுத்த ஸ்டேஷன் பாரிட் புந்தார்தான் பக்கம். அது பேராக் மாநிலம், ஆனால் அங்கிருந்து வளாகத்துக்கு வர ஆறு தாண்ட வேண்டியதில்லை. மாணவர்கள் சாமான் வாங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இந்த வளாகம் 2001-இல் பேராக் துரோனோவிலிருந்து இங்கே வந்தது. அந்தப் பழைய இடம் இப்போது பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம். கேம்பஸ் வந்த பிறகு எங்கள் பக்கம் வீட்டை வாடகைக்கு விடாதவர்கள் குறைவு. என் அத்தை வாசலில் தோசைக்கடை போட்டிருக்கிறார். செமஸ்டர் லீவு விட்டால் எட்டு மணிக்கே கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார், அவ்வளவுதான் வியாபாரம்.

ஒரு குறை சொல்லலாமா? பிள்ளைகள் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் படிப்பு முடிந்துவிடும். கோயில் திருவிழாவுக்கு லைட் கட்ட நாங்கள் ஆள் தேடி அலைவோம். எலெக்ட்ரிக்கல் படிக்கிறவன் அந்தப் பக்கமாகவே மோட்டாரில் போவான்!

அதனால் என் யோசனை: முதல் வருடம் ஹாஸ்டல். லேப் முடிந்து இருட்டிய பிறகு பட்டர்வொர்த் போவது சிரமம். அப்புறம் கூட்டாளிகளோடு வெளியே வீடு எடுக்கட்டும், ஊரோடு பழகட்டும். இன்னொன்று, பாரிட் புந்தார் பக்கம் வயல் அதிகம். அறுப்பு முடிந்து வைக்கோல் எரித்தால் புகை மூட்டம் போடும். இளைப்பு உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே யோசியுங்கள்.

பட்டர்வொர்த் அம்மா:
இளைப்பெல்லாம் இல்லை தம்பி, சோம்பல்தான். அத்தை வீட்டில் அறை இருக்குமா?

கிரியான்காரன்:
அறை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் அக்கா, அதில் அத்தை ரொம்பக் கறார். தோசைக்கு யாரும் வரலாம். சாம்பாரும் சட்னியும்தான், கறிக்குழம்பு வைப்பதில்லை.