ஆறடியா 2 மீட்டரா: தாமான் பாடாங்கில் நாய்க்கயிறு

அளவுகோல் | காலை 7.12
பினாங்கு ஆயர் ஈத்தாம் பக்கம் எங்கள் தாமான் (குடியிருப்பு) பாடாங்கில், அதாவது திடலில், நாய் நடத்துவதற்கு விதி வைக்கலாமா என்று குடியிருப்பாளர் சங்கம் எல்லாரிடமும் கருத்துக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் படிவத்தை பாலாய் ராயா (சமூக மண்டபம்) பெட்டியில் போடவேண்டும். அதைப் பற்றி நேற்று இங்கே ஓர் அம்மையார் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோப்பி இறங்கவில்லை. "மலாய் அறிவிப்பில் கயிறு 2 மீட்டருக்கு மேல் கூடாது என்றிருக்கிறது, தமிழ் அறிவிப்பில் ஆறடி என்றிருக்கிறது, இரண்டும் ஒன்றுதானே" என்கிறார். ஒன்று இல்லை அம்மா. ஆறடி என்றால் 1.83 மீட்டர். 17 சென்டிமீட்டர் குறைகிறது. நில அளவை வேலையில் 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன், இதைவிடக் குறைந்த இடத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

டைகரோட அம்மா | காலை 7.40
அந்த "ஓர் அம்மையார்" நான்தான் ஐயா. பெயர் பக்கத்திலேயே இருந்தது, கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கலாம். நான் எழுதியதில் கடைசி வரியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டீர்கள். நான் கேட்டது வேறு. காலை ஆறிலிருந்து ஆறரை வரை, பாடாங்கில் ஆள் இல்லாத நேரத்தில், நாயை அவிழ்த்துவிட அரை மணி நேரம் கொடுங்கள் என்றேன். நாய் என்றால் ஓடணும், மோப்பம் பிடிக்கணும், புல்லில் புரளணும். சிங்கப்பூரில் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் இதற்கென்றே வேலி கட்டிய இடம் இருக்கிறது, உள்ளே அவிழ்க்கலாம், வெளியே வந்தால் கயிறு. வேலி கட்டக்கூட நான் கேட்கவில்லை. டைகர் வெறும் ஒன்பது கிலோ, பூனையைப் பார்த்தால் என் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒண்ணும் செய்யாது.

காலைநடை | காலை 8.05
"ஒண்ணும் செய்யாது." இதைத்தான் எதிர்பார்த்தேன். என் முழங்காலுக்குக் கீழே பல் பதித்த நாயின் சொந்தக்காரரும் இதைத்தான் சொன்னார், அது என் காலை விடுவதற்கு முன்பே சொன்னார். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய் நோய் வந்ததை அதற்குள் மறந்துவிட்டீர்களா? அந்த நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட கிடையாது. கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடவேண்டும். அப்புறம் ஆறு மணிக்குப் பாடாங்கில் ஆள் இல்லை என்கிறீர்கள். நான் ஐந்தே முக்காலுக்கு அங்கே இருக்கிறேன் அம்மா, நான் ஆள் இல்லையா?

டைகரோட அம்மா | காலை 8.21
டைகருக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று, லைசென்ஸும் இருக்கிறது. தெருநாய் கடித்ததற்கு வீட்டு நாயை ஏன் கட்டவேண்டும் அண்ணே?

காலைநடை | காலை 8.26
என்னைக் கடித்தது வீட்டு நாய். கழுத்தில் மணி எல்லாம் கட்டியிருந்தது.

அளவுகோல் | காலை 8.50
கடியைப் பற்றி அப்புறம் பேசலாம். ஆறடியா, 2 மீட்டரா? ஒருவரும் பதில் சொல்லவில்லை. நாளைக்கு ஒருவர் 1.95 மீட்டர் கயிற்றோடு வந்தால் மலாய் அறிவிப்பின்படி அவர் நல்லவர், தமிழ் அறிவிப்பின்படி குற்றவாளி. முதலில் அந்தத் தமிழை எழுதியது யார் என்று தெரியவேண்டும்.

காலைநடை | காலை 9.02
நான்தான் எழுதினேன். ஒரு வெள்ளி காசு வாங்காமல், ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தாமானில் தமிழ் மட்டும் படிக்கிற பாட்டிமார் இருக்கிறார்கள், அவர்களிடம் 2 மீட்டர் என்றால் கையை விரிப்பார்கள். ஆறடி என்றால் ஒரு ஆள் உயரம், உடனே புரியும். தப்புக் கண்டுபிடிக்க வருகிறவர்கள் அன்றைக்கு எழுதவும் வந்திருக்கலாம். கோயில் திருவிழாவில் கூடாரத்துக்கு அளவு எடுத்துக் கொடுத்தவர் யார், மழை யார் தலையில் ஊற்றியது என்று நான் கேட்டேனா?

அளவுகோல் | காலை 9.10
கூடாரத்தை இங்கே இழுக்காதீர்கள். நான் கொடுத்த அளவு சரி. கம்பம் வாங்கப் போனவர் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று குட்டைக் கம்பம் வாங்கிவந்தார். அவர் உங்கள் மைத்துனர். இதை நான் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை.

பாடாங் பையன் | காலை 9.11
இப்ப சொல்லிட்டீங்க லா.

கேஎல்காரன் | காலை 10.30
பினாங்கு மக்களுக்கு வணக்கம். இங்கே கோலாலம்பூரில் இதெல்லாம் பார்த்து முடித்துவிட்டோம். தேசா பார்க்சிட்டி பூங்காவில் 2022-ல் நாய்க்குத் தடை என்று அறிவிப்பு வந்தது, சாயங்காலம் ஆனால் ஆளுக்கு ஒரு நாயோடு நடக்கிற இடம் அது. மாநகர் மன்றம் 1981-ஆம் ஆண்டுப் பூங்கா துணைச்சட்டத்தைக் காட்டியது, குடியிருப்பாளர்கள் சத்தம் போட்டார்கள், கடைசியில் கயிற்றோடு வரலாம் என்று ஆனது. நானே பார்த்திருக்கிறேன், எல்லாரும் ஒழுங்காகக் கட்டித்தான் கூட்டிவருகிறார்கள், கழிவை அள்ளப் பையும் கையில் இருக்கும். நீங்கள் இன்னும் அடிக்கோலை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அளவுகோல் | காலை 10.44
அங்கே கயிறு எத்தனை மீட்டர்?

கேஎல்காரன் | காலை 10.51
அளந்து பார்க்கவில்லை ஐயா. எனக்கு வேலை இருக்கிறது.

அளவுகோல் | காலை 10.53
அதுதான் கோலாலம்பூர். அளக்காமலே கட்டுவது, அப்புறம் மழை பெய்தால் மஸ்ஜித் ஜாமெக் பக்கம் படகு விடுவது.

கேஎல்காரன் | காலை 11.15
வெள்ளத்துக்காக நாங்கள் சுரங்கம் தோண்டி 2007-லேயே திறந்துவிட்டோம், மழை இல்லாத நாளில் அதிலேயே காடி ஓடுகிறது. நீங்கள் இன்னும் பினாங்குப் பாலத்து ஜாமில் உட்கார்ந்துகொண்டு நாசி கண்டார் சோறு எங்களுடையது என்று பெருமை பேசுங்கள்.

பாடாங் பையன் | காலை 11.17
நாசி கண்டாரைத் தொட்டீங்க, இனி நாய் பேச்சு முடிஞ்சது.

பேரன் பாட்டி | நண்பகல் 12.20
என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள், மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வந்தேன். அங்கே பூங்காவில் இந்த மாதிரி நாய் விதி போடுவதற்கு முன் மன்றம் மக்களைக் கேட்டே ஆகவேண்டும், 2014-ல் வந்த சட்டம். போட்ட விதியும் அதிகம் போனால் மூன்று வருடம்தான், நீட்டிக்கவேண்டும் என்றால் மறுபடி கேட்கவேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் நாயே கூடாது, சில இடத்தில் கயிறு, மற்ற இடத்தில் அவிழ்க்கலாம், ஆனால் கூப்பிட்டால் வரவேண்டும். இடத்தைப் பிரித்துவிட்டார்கள். நாமும் பாடாங்கில் ஊஞ்சல் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மேல் மூலையைக் கொடுக்கலாமே.

காலைநடை | நண்பகல் 12.31
அக்கா, அதே இங்கிலாந்தில்தான் எக்ஸ்.எல். புல்லி என்ற ஒரு வகை நாய் கடித்து ஆட்கள் செத்துப்போய், 2023 டிசம்பர் கடைசி நாளிலிருந்து அதற்கு வாய்ப்பூட்டும் கயிறும் கட்டாயம் ஆக்கினார்கள். அடுத்த மாதம் முடிந்ததும் அனுமதிச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்றார்கள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

டைகரோட அம்மா | நண்பகல் 12.35
டைகர் ஒன்பது கிலோ!!

அளவுகோல் | நண்பகல் 12.48
லெஸ்டரில் எத்தனை மீட்டர்?

பேரன் பாட்டி | மதியம் 1.05
அங்கே பல ஊர்களில் 2 மீட்டருக்கு மேல் கூடாது என்று எழுதுவார்களாம், மகளைக் கேட்டுச் சொல்கிறேன். ஆனால் தம்பி, நான் சொன்னது இடத்தைப் பிரிப்பது பற்றி.

அளவுகோல் | மதியம் 1.07
பார்த்தீர்களா. மீட்டர். அடியில் அளந்து பழகிய ஊரே மீட்டரில் எழுதுகிறது. காலைநடை அவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.

சுங்கை டுவா | மதியம் 1.40
நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பாடாங்கைச் சுற்றி இருக்கிற நடைபாதையின் அகலம் ஐந்தடி. அதில் எதிரும் புதிருமாக ஆட்கள் வருகிறார்கள், எங்கள் வரிசை வீட்டு மக்சிக் (மலாய் முஸ்லிம் அம்மா) தினமும் சாயங்காலம் நடக்கிறார். நாயின் ஈர மூக்கு அவர் துணியில் பட்டால் அவர்கள் முறைப்படி ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீர். அவர் சண்டைக்கு வருவதில்லை, பேசாமல் பாதையை விட்டு வடிகால் பக்கம் இறங்கி நிற்கிறார். மழைக்காலத்தில் வழுக்குகிற இடம் அது. ஐந்தடிப் பாதையில் ஆறடிக் கயிறும் ஒன்றுதான், 2 மீட்டரும் ஒன்றுதான், நாய் அந்தப் பக்கம் போய்விடும். பாதையில் நடக்கும்போது கயிற்றைச் சுருட்டிப் பக்கத்தில் பிடி, புல்லுக்குப் போனால் விடு என்று எழுதினால் போதாதா?

அளவுகோல் | மதியம் 1.52
பாதையின் அகலம் ஐந்தடி இல்லை. 1.5 மீட்டர். ஐந்தடி என்றால் 1.524. போன வருடம் சிமெண்ட் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

சுங்கை டுவா | மதியம் 1.53
சரி ஐயா.

டைகரோட அம்மா | மதியம் 2.20
மக்சிக் விஷயம் உண்மைதான், எதிரே அவர் வந்தால் நான் டைகரைத் தூக்கிக்கொள்வேன், போய்க் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் ஆறு மணி கேட்டேன், அந்த நேரத்தில் அவர் வருவதில்லை. இன்னொன்று, என்னிடம் இருப்பது இழுத்தால் நீள்கிற கயிறு, ஐந்து மீட்டர் வரை போகும், பொத்தானை அழுத்தினால் எங்கே வேண்டுமோ அங்கே நிற்கும். இதற்கு உங்கள் விதி என்ன சொல்கிறது?

அளவுகோல் | மதியம் 2.24
இதைத்தான் நான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்! நீளம் என்றால் எந்த நீளம்? சுருண்டிருக்கும்போதா, முழுக்க இழுத்தபோதா, பொத்தானில் நின்றபோதா? கைப்பிடியிலிருந்து அளப்பதா, கழுத்துப்பட்டையிலிருந்து அளப்பதா? படிவத்தில் ஒரு வார்த்தை கிடையாது. 17 சென்டிமீட்டரைச் சொன்னபோது சிரித்தீர்கள், இப்போது 3 மீட்டர் ஆகிவிட்டது. அந்தக் கயிற்றை விதியில் சேர்க்கவே கூடாது, நாய் பாய்ந்தால் அந்த மெல்லிய நூல் விரலை அறுத்துவிடும்.

டைகரோட அம்மா | மதியம் 2.31
நான் அரை மணி நேரம் கேட்டேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி இப்போது என் கயிற்றையே பிடுங்குகிறீர்கள்.

தமிழ்மணி | மதியம் 3.00
ஒரு சிறு குறுக்கீடு. அது கயிறு அல்ல, வார். தோலிலோ நாடாவிலோ பட்டையாகச் செய்தது வார். கயிறு என்பது திரித்தது. இரும்பில் இருந்தால் சங்கிலி. அறிவிப்பில் "கயிறு" என்று போட்டிருப்பதால் சங்கிலியில் கட்டி வருகிறவருக்கு இந்த விதி பொருந்தாது என்று வாதிடலாம்.

அளவுகோல் | மதியம் 3.06
சங்கிலி என்றால் எங்கள் வேலையில் 66 அடி, நூறு கண்ணி. 20.12 மீட்டர். "சங்கிலி" என்று எழுதிவிட்டு அளவு போடாமல் விட்டால் என்னிடம் வரவேண்டாம்.

காலைநடை | மதியம் 3.15
தமிழ்மணி, போன பொங்கலுக்கு நீங்கள் அச்சடித்த அழைப்பிதழில் "வருக" என்பதற்கு "வறுக" என்று இருந்தது. நாங்கள் வறுத்தோமா?

தமிழ்மணி | மதியம் 3.17
அது அச்சகத்தார் தவறு. திருத்திக் கொடுத்தேன்.

காலைநடை | மதியம் 3.18
எல்லாம் யாரோ ஒருவர் தவறு.

பேரன் பாட்டி | மாலை 4.40
மகளைக் கேட்டேன். பூங்காவுக்குப் பூங்கா மாறுமாம். இதோடு நான் போகிறேன், பேரன் வந்துவிட்டான்.

காலைநடை | மாலை 5.10
கடைசியாகச் சொல்கிறேன். நாயை அலட்சியமாக விட்டு ஆளுக்கு ஆபத்து வந்தால் குற்றவியல் சட்டம் 289-ஆவது பிரிவு இருக்கிறது. அதில் மீட்டரும் இல்லை அடியும் இல்லை. படிவத்தில் "எந்த நேரமும் கயிறு" என்ற கட்டத்தில் நான் கோடு போட்டுவிட்டேன், எங்கள் வரிசையில் பதினோரு வீடும் போட்டுவிட்டது.

டைகரோட அம்மா | மாலை 5.14
பதினோரு வீட்டுக்கும் நீங்களே படிவம் எடுத்துப் போய் நிரப்பியதை எதிர் வீட்டுப் பெண் பார்த்தாள். அதில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது.

காலைநடை | மாலை 5.15
நிரூபியுங்கள்.

அளவுகோல் | மாலை 5.30
திருத்தம் போடாத படிவத்தில் யார் கோடு போட்டாலும் செல்லாது. நாளைக் காலை நான் பாலாய் ராயாவுக்கு டேப்போடு போகிறேன். ஆறடி எவ்வளவு, 2 மீட்டர் எவ்வளவு என்று வாசல் சுவரில் சாக்பீஸில் இரண்டு கோடு போட்டு வைக்கிறேன். வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாடாங் பையன் | மாலை 6.22
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. இப்ப பாடாங்கில் ஒரு பழுப்பு நாய் கயிற்றை இழுத்துக்கிட்டு தனியா ஓடுது, பின்னாடி ஆளைக் காணோம். ஊஞ்சல் பக்கம் பிள்ளைங்க இருக்காங்க. யாரோடது?

அளவுகோல் | மாலை 6.23
கயிறு எவ்வளவு நீளம் இருக்கும்?

காலைநடை | மாலை 6.23
பழுப்பு என்றால் எந்த வீடு என்று எனக்குத் தெரியும். சொன்னால் மறுபடி மைத்துனரை இழுப்பீர்கள்.

டைகரோட அம்மா | மாலை 6.25
என்னைப் பார்க்காதீர்கள். டைகர் இங்கே சோபாவுக்கு அடியில் தூங்குகிறது.