ஃபியூச்சுராமா மறுபடி வந்திருக்கு: உங்க அனுபவம் சொல்லுங்க

எடிசன்காரன் (நியூ ஜெர்சி)

ஃபியூச்சுராமா என்கிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் பற்றிய திரியை நானே தொடங்கிவைக்கிறேன். "சூப்பர்", "பழைய மாதிரி இல்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். எந்த எபிசோட், எந்த இடம், அதைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். கதை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இப்போதே கிளம்பலாம்.

எனக்கு இந்தத் தொடர் அறிமுகமானது 1999-இல். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் வருடத்தைத் தப்பாகப் படித்துக் குழம்பிவிடும் என்ற ஒய்டூகே பயம், அதைச் சரிசெய்யும் வேலைக்கென்று நம் ஊர்ப் பையன்கள் கூட்டங்கூட்டமாக இங்கே வந்து இறங்கிய காலம். ஒரே அபார்ட்மென்ட்டில் நாலைந்து பேர், பழைய டிவி ஒன்று. இரண்டு இலக்க வருடத்தை நாலு இலக்கமாக்குவதுதான் பகல் முழுக்கப் பிழைப்பு. மார்ச் 28 அன்று ஃபாக்ஸில் புதுக் கார்ட்டூன் என்றார்கள். சிம்ப்சன்ஸ் எடுத்த மேட் க்ரோனிங்கும் டேவிட் எக்ஸ். கோஹனும் சேர்ந்து செய்தது என்பதால் உட்கார்ந்தோம். ஃப்ரை என்கிற பீட்சா டெலிவரிப் பையன் 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் உறைகுழாய்க்குள் விழுந்து, ஆயிரம் வருடம் கழித்து எழுந்திருக்கிறான். எந்த ராத்திரியை நினைத்து ஊரே நடுங்கிக்கொண்டிருந்ததோ, நாங்கள் எதற்காகச் சம்பளம் வாங்கினோமோ, அதே ராத்திரி! "இவனுக்கு ஒய்த்ரீகே வேலை ரெடி" என்றான் அறைத்தோழன் ஒருவன். அன்றிலிருந்து விடவில்லை.

தொடர் வந்த ஞாயிறு மாலை 7 மணி என்பது அமெரிக்கக் கால்பந்து நீண்டுபோனால் காவு கொடுக்கப்படும் நேரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. 72 எபிசோடோடு 2003 ஆகஸ்டில் நின்றுபோனது. பிறகு அடல்ட் ஸ்விம் சேனலின் ராத்திரி மறு ஒளிபரப்பும் டிவிடி விற்பனையும் அதற்கு உயிர் கொடுத்தன. 2007 கடைசியிலிருந்து 2009 வரை நாலு டிவிடி படங்கள். 2010-இல் காமெடி சென்ட்ரல் சேனலில் புது எபிசோடுகள். 2013 செப்டம்பரில் மறுபடி முடிவு. 2023 ஜூலை 24-இல் ஹுலு ஸ்ட்ரீமிங்கில் மறுபிறப்பு. இதுதான் கடைசியோ என்று நினைத்து எழுதிய எபிசோடுகள் மட்டும் நாலு இருக்கின்றன.

2023-இன் முதல் எபிசோடில், உலகத்தில் வந்த எல்லா டிவி தொடரையும் பார்த்து முடிக்கிறேன் என்று ஃப்ரை கிளம்புகிறான். செத்துப்போன 'ஆல் மை சர்க்யூட்ஸ்' ரோபோ சீரியலை ஒரு ஸ்ட்ரீமிங் கம்பெனியில் சொல்லி மறுபடி எடுக்க வைக்கிறார்கள். தன்னையே கிண்டல் செய்துகொண்டு உள்ளே நுழைந்த விதம் எனக்குப் பிடித்தது. ஒரு சின்ன உறுத்தல் மட்டும். 1999-இல் ஃப்ரைக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இப்போது அவன் என் மகன் வயதில் இருக்கிறான்.

ஸ்கார்பரோ மாமி (கனடா)

அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்து சேரேக்க பள்ளிக்கூட வயசு. இங்கிலீசு வாயில வராது. இரவில அண்ணாவோட இருந்து கார்ட்டூன் பாத்துத்தான் பாதி இங்கிலீசு படிச்சனான். என்ர டீச்சர் ஒருத்தா "நீ கதைக்கிறது ரோபோ கதைக்கிற மாதிரி இருக்கு" எண்டவ. ஃப்ரையின்ர ரோபோக் கூட்டாளி பெண்டரைப் பாத்துப் படிச்சா வேற எப்பிடி வரும்?

சீமோர் எண்ட ஃப்ரையின்ர நாய் வாற எபிசோட் 2002-இல வந்தது. ஃப்ரை காணாமப் போன பிறகும் அது பீட்சாக் கடை வாசலில பன்னிரண்டு வரியம் காத்திருக்குது. அது தன்னை மறந்து சந்தோசமா வாழ்ந்திருக்கும் எண்டு நினைச்சு, ஆயிரம் வரியம் கழிச்சுக் கிடைச்ச அதின்ர உடம்பை ஃப்ரை உயிர்ப்பிக்காம விடுறான். கடைசிக் காட்சியிலதான் எங்களுக்குத் தெரிய வருது. நாங்களும் ஒரு நாயை விட்டிட்டு வந்தனாங்கள். அதுக்கு மேல எழுதேலாது.

பிறகு 2007-இல வந்த முதல் டிவிடி படத்தில, காலத்தில பின்னுக்குப் போன இன்னொரு ஃப்ரை அந்த நாயோட இருந்தவன் எண்டு மாத்திப்போட்டினம். அது பழைய எபிசோடைக் கெடுத்துப்போட்டுது எண்டு கனபேர் சண்டை பிடிக்கினம். எனக்கு அப்பிடி இல்லை. அந்த நாய்க்கு ஒரு ஆள் கிடைச்சது எண்டு கேக்க எனக்கு நிம்மதியா இருந்தது. கதைக்கு நல்லதோ கெட்டதோ, எனக்குத் தேவையில்லை.

புதுசில எனக்குப் பிடிச்சது கிஃப்பின்ர பிள்ளையள் வாற எபிசோட். 2003 ஜனவரியில வேற்றுக்கிரகத்து ஆம்பிளை கிஃப் பிள்ளைத்தாச்சியாகி, குஞ்சுகளைச் சதுப்பில விட்டவன். இருபது வரியத்தில கரைக்கு வருங்கள் எண்டு அப்ப சொன்னவை. 2023-இல, உண்மையாவே இருபது வரியம் கழிச்சு, வந்திட்டுதுகள்! இடையில தொடரே ரெண்டு மூண்டு தரம் செத்துப்போட்டுது, ஆனா சொன்ன கணக்குத் தப்பேல்லை. உடம்புக் கணக்கில தாய், ஃப்ரையோட வேலை செய்யிற லீலா. வளக்கப்போறவ கிஃப்பின்ர சோடி ஏமி. அந்தப் பிள்ளையளோட ஏமி படுற பாட்டைப் பாக்க, 2003-இல சிரிச்ச நான் இப்ப ரெண்டு பிள்ளையளோட இருந்து தலையாட்டினன். "பழைய மாதிரி இல்லை" எண்டு சொல்லுற ஆக்கள் உதை ஒருக்காப் பாருங்கோ.

கும்பகோணம் கணக்கு (தமிழ்நாடு)

ஸ்கார்பரோ சகோதரிக்கு வணக்கம். நான் இதற்குள் வந்தது அழுகை வழியாக இல்லை, எண் வழியாக. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வீட்டைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன். மாணவன் ஒருவன் ஒரு நாள் ஒரு படத்தைக் காட்டி, "சார், இந்த ரோபோவுக்கு 1729-னு நம்பர் போட்டிருக்கான்" என்றான். அவனைத் திட்டுவதற்காகத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்தால், தற்செயல் இல்லை. பெண்டரைச் செய்த அம்மா அவனுக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையில் '1729-ஆவது மகன்' என்று இருக்கிறது. கேப்டன் ஸாப் பிரானிகனின் நிம்பஸ் விண்கப்பலில் அதே 1729. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண், ராமானுஜனைப் பார்க்கக் கணித மேதை ஹார்டி வந்த டாக்சியின் எண். முதல் டிவிடி படத்தில் ஒரு டாக்சி கடந்துபோகும், அதன் கூரையில் 87539319. அது மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்: 167, 436 ஒரு ஜோடி, 228, 423 இன்னொன்று, 255, 414 மூன்றாவது. பேப்பரில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிற ஒரு காருக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. கோஹன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தவர், கென் கீலர் கணிதத்தில் முனைவர்.

அந்தக் கீலர் 2010-இல் செய்த வேலைதான் என் வகுப்புக்கே வந்துவிட்டது. உடம்பு மாறும் இயந்திரம் ஒன்று. ஒரு முறை மாறிய இரண்டு உடம்புகள் மறுபடி தங்களுக்குள் மாறிக்கொள்ள முடியாது. எல்லாரும் குழம்பிக் கிடக்கிறார்கள். எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும், புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தால் எல்லாரையும் சொந்த உடம்புக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அந்த எபிசோடுக்காகவே ஒரு தேற்றத்தை நிரூபித்தார். பலகையில் நிரூபணத்தோடே காட்டுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதைத் தொப்பி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன்: சட்டை உடம்பு, தொப்பி மனசு. சிவப்புச் சட்டைக்காரன் தலையில் நீலத் தொப்பி, நீலச் சட்டைக்காரன் தலையில் சிவப்புத் தொப்பி. அவர்கள் இருவரும் நேரே மாற்றக்கூடாது. பச்சை, மஞ்சள் என்று இன்னும் இரண்டு பேர், அவரவர் தொப்பியோடு. சிவப்பு பச்சையோடு மாற்றட்டும், நீலம் மஞ்சளோடு. பிறகு சிவப்பு மஞ்சளோடு, நீலம் பச்சையோடு. கடைசியில் பச்சையும் மஞ்சளும். அஞ்சே மாற்றம், எந்த ஜோடியும் இரண்டாவது தடவை வரவில்லை, எல்லாத் தொப்பியும் வீடு சேர்ந்துவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து கைதட்டல் வந்தது. கணக்கு வகுப்பில் அது எவ்வளவு அபூர்வம் என்று வாத்தியார்களைக் கேளுங்கள்.

2023-க்குப் பிறகு வந்தவற்றில் இந்தத் தரத்தில் ஒன்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் பின்னணியில் ஏதாவது எண் தெரிந்தால் நிறுத்திப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. வீட்டம்மாவுக்கு இதனால் கோபம்.

வடபழனி குரல் (சென்னை)

நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். எனக்கு இந்த மறுவருகை 2022 பிப்ரவரி 9 அன்றே ஆரம்பித்துவிட்டது. இருபது புது எபிசோட் என்று அறிவித்த அன்று பெண்டரின் குரலான ஜான் டிமாஜியோ ஒப்பந்தத்தில் இல்லை. வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு. ரசிகர்கள் 'பெண்டர்கேட்' என்று பெயர் வைத்துக் கொதித்தார்கள். மார்ச் 1-ஆம் தேதி அவர் திரும்பிவிட்டார் என்று செய்தி வந்தது. அந்த மூன்று வாரமும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே கிடையாது.

எங்களுக்கு ஏன் அவ்வளவு என்றால், எங்கள் தொழிலில் குரல் மாறினால் கேட்க நாதி இல்லை. இன்று நான் பேசிய பாத்திரத்தை அடுத்த பாகத்தில் இன்னொருவர் பேசுவார். எனக்குத் தகவல்கூட வராது. ஒரு கார்ட்டூன் ரோபோவின் தொண்டைக்காக ஜனங்கள் சண்டை போட்டதைப் பார்த்து நாங்கள் அசந்துபோனோம். 2009-லும் இதே மாதிரி சம்பளப் பேச்சு இழுத்து, புதுக் குரல் தேட ஆரம்பித்து, ஜூலை கடைசியில் பழையவர்களோடே முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ரை, புரொஃபசர், ஸாய்ட்பெர்க், ஸாப் நாலு பாத்திரத்துக்கும் குரல் பில்லி வெஸ்ட் ஒருவரே. ஸாப் முதலில் நடிகர் ஃபில் ஹார்ட்மனுக்காக எழுதியது. 1998-இல் அவர் கொல்லப்பட்ட பிறகுதான் வெஸ்டுக்கு வந்தது. வெஸ்ட் 1952-இல் பிறந்தவர். புது எபிசோடுகளில் ஃப்ரையின் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, எட்டாத இடத்தில் அழுத்தம் கொடுக்கிறார். மற்றவர்களுக்கு இது குறை. எனக்கு அது கேட்கக் கேட்கப் பிடித்தது. இருபத்தைந்து வயதுப் பையனை எழுபது வயதில் பேசுவது என்ன பாடு என்று மைக் முன்னால் நின்றவனுக்குத் தெரியும்.

கோவை மறுப்பு

எல்லாரும் பாராட்டுறீங்க, ஒருத்தனாவது மாத்திச் சொல்லணுமில்லைங்களா? என்னைப் பொறுத்தவரைக்கும் 2013 கடைசி எபிசோடோட இது முடிஞ்சுதுங்க. உலகம் மொத்தமும் அப்படியே நின்னுபோயிடுது, ஃப்ரையும் லீலாவும் மட்டும் நடந்து நடந்து கிழவன் கிழவி ஆகிறாங்க. கடைசில புரொஃபசர் வந்து காலத்தைப் பின்னாடி ஓட்டிடலாம், ஆனா எதுவும் ஞாபகம் இருக்காதுன்னு சொல்றார். இன்னொரு சுத்து போலாமான்னு ஃப்ரை கேட்கறான், அவ சரிங்கறா. படம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் என்னன்னு நாம நினைச்சுக்கறதுதான் அதோட அழகு. 2023-ல அந்த நொடியிலிருந்தே வண்டியை எடுத்துட்டாங்க.

சரி, எடுத்தாங்க. எடுத்து என்ன பண்ணினாங்க? பிட்காயின், தடுப்பூசிச் சண்டை, ஸாப்பை ஊரே ஒதுக்கிவைக்கறது, 2024-ல டிஜிட்டல் படத்தைச் சொத்து மாதிரி விக்கற என்எஃப்டி. கார்ட்டூன் ஒண்ணு எழுதி வரைஞ்சு வெளிய வர கிட்டத்தட்ட ஒரு வருசம் ஆகும். நமக்கு வந்து சேரும்போது எல்லாம் ஆறின பஜ்ஜி. மூவாயிரத்துல நடக்கற கதைக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தின பேப்பர் எதுக்குங்க?

ஓஎம்ஆர் பையன்

கோவை அண்ணா, மரியாதையோட ஒரு சண்டை. நான் 2023-ல வந்ததைத்தான் முதல்ல பார்த்தேன், அப்புறம்தான் 1999-க்குப் போனேன். பழசுல மட்டும் பேப்பர் செய்தி இல்லையா? 2001-ல நெட்ல பாட்டைப் பகிர்ந்துக்கற நாப்ஸ்டரைக் கிண்டல் பண்ணி ஒரு எபிசோட் இருக்கு. நாப்ஸ்டர்னா என்னன்னே எனக்குத் தெரியாது, கூகுள் பண்ணித்தான் சிரிச்சேன். 2010-ல ஐஃபோனைக் கண்ணுக்குள்ளயே சொருகுறாங்க. அது அந்த வருசத்துச் சமாச்சாரம்தானே? உங்களுக்கு அப்போ சூடா இருந்துச்சு, அதனால இன்னும் சூடா இருக்குற மாதிரி ஞாபகம்.

எனக்கு மாமஸான்னு ஒரு ஆன்லைன் கம்பெனி வர்ற எபிசோட்தான். ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு கம்பெனி குடோன்ல பேக்கிங் பண்ணிட்டிருந்தேன். பெயர் வேண்டாம். கையில கட்டின ஸ்கேனர் பீப் அடிச்சுட்டே இருக்கும், பாத்ரூம் போனாலும் கணக்கு. பிரேக்ல போன்ல பார்த்தா, பெண்டர் குடோன்ல வேலைக்குச் சேர்றான்! குடோன் பெருசாகிப் பெருசாகி எல்லாத்தையும் முழுங்குது. பக்கத்துல இருந்த நாலு பேரும் வந்து எட்டிப் பார்த்தாங்க, ஒருத்தருக்கும் சப்டைட்டில் தேவைப்படலை. இது ஆறினதுன்னு எங்க லைன்ல வந்து சொல்லுங்கண்ணா.

கோவை மறுப்பு

தம்பி, அந்த எபிசோடை மட்டும் ஒத்துக்கறேன். பிட்காயினை விட்டுத்தர மாட்டேன்.

புதுசா வந்தவள்

நான் ஒண்ணுமே பார்த்ததில்லை. எங்கே ஆரம்பிக்கணும்?

எடிசன்காரன்

முதல் எபிசோடிலிருந்தே வாங்கம்மா, தாவ வேண்டாம். ஃபாக்ஸில் வந்த 72-உம் முடித்துவிட்டு 2010-க்குப் போங்கள். டிவிடி படங்களில் முதல் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஸ்கார்பரோ தங்கச்சி சொன்ன நாய் விஷயம் அதில்தான். 2025 செப்டம்பரில் பத்து எபிசோடையும் ஒரே நாளில் இறக்கிவிட்டார்கள். அதைப் பிறகு நிதானமாகப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று வந்தால் ஆறு நாள் அதைப் பற்றிச் சண்டை போடலாம். மொத்தமாகக் கொடுத்ததில் எங்கள் பழைய கூட்டாளிகள் ஆளுக்கொரு எபிசோடில் நின்றுகொண்டு யாரும் யாரோடும் பேச முடியாமல் போனது.

ஸ்கார்பரோ மாமி

நாய் எபிசோடைத் தனிய இருந்து பாக்காதையுங்கோ.

கும்பகோணம் கணக்கு

தனியாகவே பாருங்கள். யாராவது பக்கத்தில் இருந்தால் பேசிக்கொண்டே டாக்சி நம்பரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

ஸ்கார்பரோ மாமி

வாத்தியார், அது வேற படம்!