உதவி: கையில் ஃபிக்ஷன் தாள் மட்டும் இருக்கிறது, ஜெர்மனியிலிருந்து வார இறுதிக்கு மராக்கேஷ் போய்த் திரும்ப முடியுமா?

ஆஹன்_மாணவி:
வணக்கம். ஆஹனில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். வீசே விமான நிலையத்திலிருந்து மராக்கேஷுக்குப் போகவர 58 யூரோவுக்கு ரயன்ஏர் டிக்கெட் காட்டுகிறது. நவம்பரில் ஒரு வியாழன் மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பலாம் என்று திட்டம். இன்னும் வாங்கவில்லை.

வரும்போது கிடைத்த டி விசா (நீண்ட காலம் தங்குவதற்கான ஜெர்மன் விசா) அக்டோபர் கடைசியோடு முடிகிறது. செப்டம்பரிலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். முடிவு வரும்வரை தற்காலிகமாகச் செல்லும் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் (ஃபிக்ஷன்) தாள் கொடுத்திருக்கிறார்கள், குடியிருப்புக் கார்டு இன்னும் வரவில்லை. இந்தத் தாளோடு வெளியே போனால் திரும்ப விடுவார்களா? மொராக்கோ விசா எப்படி எடுப்பது? 200 யூரோவுக்குள் எல்லாம் முடியுமா? ஒரு இரவாவது சஹாராவில் தங்க ஆசை. இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி.

எல்லைக்கோடு:
டிக்கெட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் தாளைப் பிரித்து உள்ளே இருக்கும் மூன்று கட்டங்களில் எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்ற வரியில் குறி இருந்தால், உங்கள் பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாளோடு ஜெர்மனிக்குள் திரும்ப வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் நாட்டுக்குள் இருக்க மட்டுமே அனுமதி. வெளியே போனால் அந்தத் தாளைக் காட்டித் திரும்பி நுழைய முடியாது. டி விசாவும் ஒரு குடியிருப்பு அனுமதிதான் என்பதால், அது முடிவதற்குள் விண்ணப்பித்த உங்களுக்கு 4-ஆம் உட்பிரிவுதான் வர வேண்டும். தவறி 3-இல் குறி இருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்தி வாங்குங்கள்.

4-ஆம் உட்பிரிவாகவே இருந்தாலும் இரண்டு சிக்கல் உண்டு. தாள் தனியாகச் செல்லாது. முடிந்துபோன டி விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். அடுத்தது, திரும்பும் விமானம் நேராக ஜெர்மனியில் இறங்க வேண்டும். மாட்ரிட் வழியாக 15 யூரோ குறைவு என்று எடுத்தால், ஷெங்கனுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி) நுழையும் சோதனை ஸ்பெயினில் நடக்கும். ஜெர்மன் அலுவலகத்தின் மடித்த காகிதத்தை அங்கே யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதே காரணத்தால் அந்தத் தாளை நம்பி மற்ற ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா போவதும் வேண்டாம்.

எல்லையை விடப் பெரிய தடை மராக்கேஷ் விமான நிலையக் கவுண்டர். செல்லாத ஆவணத்தோடு ஒருவரை ஏற்றினால் அபராதம் விமான நிறுவனத்துக்கு. சந்தேகம் வந்தால் ஏற்ற மாட்டார்கள். காலாவதியான விசா, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு ஜெர்மன் தாள் இரண்டையும் காட்டி, ஞாயிறு இரவு கடைசி விமானத்துக்கு முன் வாதாட வேண்டி வரும். சட்டப்படி போகலாம். ஆனாலும் கார்டு வரும்வரை காத்திருங்கள் என்றே சொல்வேன்.

திர்ஹம்_கணக்கு:
விசாவுக்கு மொராக்கோ அரசின் அக்செஸ் மரோக் தளத்தில் மின்விசா எடுக்கலாம். சாதாரணம் 770 திர்ஹம், 72 மணி நேரத்தில் பதில். அவசரம் 1100 திர்ஹம், 24 மணி நேரம். ஒரு யூரோவுக்குச் சுமார் 10.7 திர்ஹம் என்று வைத்தால் சாதாரணக் கட்டணமே 72 யூரோ, அதாவது உங்கள் டிக்கெட்டை விட அதிகம். தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் இடைத்தரகர்கள், அதற்கும் மேல் கேட்பார்கள். மணிக்கணக்கைச் சனி ஞாயிறு சேர்க்காமல் எண்ணி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் ஸ்கேனால்தான். பாஸ்போர்ட்டின் தகவல் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகள் முழுசாகத் தெரிய வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டாலோ பிளாஸ்டிக் பளபளப்பு விழுந்தாலோ மறுபடி கேட்பார்கள். குடியிருப்புக் கார்டு இருந்தால் இரு பக்கமும் ஏற்றுங்கள். விசா வந்ததும் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, காகிதத்தில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

செலவு: டிக்கெட் 58, விசா 72, ஹாஸ்டல் டார்மில் மூன்று இரவு 36, விமான நிலையப் பேருந்து போகவர 6, சாப்பாடு நாளுக்கு 120 திர்ஹம் வீதம் மூன்று நாளுக்கு 34, டாக்ஸி, நுழைவுச்சீட்டு 19, வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு 12, இந்தப் பக்கம் பேருந்து, சில்லறைச் செலவு 10. கூட்டினால் 247 யூரோ. 200-க்குள் அடங்காது. விசா ஒரே தொகை என்பதால் இரண்டு நாள் கூடத் தங்கினால் நாள் கணக்கில் மலிவாகும். புதன் போய்த் திங்கள் வர முடிந்தால் அதுதான் லாபம்.

காப்பீட்டை வெட்டாதீர்கள். ஜெர்மன் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய அட்டை மொராக்கோவில் செல்லாது. ஆண்டுக்கு 10 முதல் 20 யூரோவுக்கு வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. அடுத்த பயணங்களுக்கும் அதுவே போதும்.

ஆஹன்_மாணவி:
4-ஆம் உட்பிரிவில்தான் குறி இருக்கிறது, நன்றி. ஆனாலும் கார்டு வரட்டும் என்றே தோன்றுகிறது. டிக்கெட்டில் சர்நேம் கட்டத்தை என்ன செய்வது?

வாசல்_எண்_7:
தங்கச்சி, நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் இது அடிக்கடி வரும் சிக்கல். பல விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன. நீங்கள் வாங்கும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் அவர்கள் முறையைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். அப்பா பெயரைச் சொந்தமாகச் சேர்க்காதீர்கள். மின்விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். கார்டில் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் வரியில் ஏறியிருக்கலாம். கவுண்டரில் கேட்டால் பாஸ்போர்ட்டையும் கார்டையும் சேர்த்து நீட்டிப் படத்தையும் பிறந்த தேதியையும் காட்டுங்கள்.

ரயன்ஏரில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு ஒரு கூடுதல் படி இருக்கிறது. ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும், பாதுகாப்புச் சோதனைக்கு முன் அவர்கள் கவுண்டரில் விசா, ஆவணச் சோதனை முடிக்க வேண்டும். நேராக விமானம் ஏறும் வாயிலுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கவுண்டர் புறப்பாட்டுக்கு 40 நிமிடம் முன் மூடிவிடும். பை கொடுக்க நிற்பவர்களின் வரிசையும் அதுவே. இரண்டு மணி நேரம் முன்னால் நில்லுங்கள், மராக்கேஷில் மூன்று.

திரும்பும் செக்-இன்னிலும் ஒரு கண்ணி உண்டு. சீட் காசு கொடுத்து எடுக்காவிட்டால் அது 24 மணி நேரம் முன்புதான் திறக்கும். அப்போது நீங்கள் மொராக்கோவில் இருப்பீர்கள். ஐரோப்பிய ரோமிங் அங்கே செல்லாது. டேட்டாவைத் திறந்தால் சில நிமிடத்தில் பில் ஏறும். விமானத்திலேயே ரோமிங்கை அணைத்துவிட்டு, ஹாஸ்டல் வைஃபையில் சனி இரவே செக்-இன் முடித்து, காகிதத்திலும் அச்செடுங்கள். மொராக்கோ விமான நிலையங்களில் கைபேசித் திரையை ஏற்காமல் காகிதம் கேட்பது உண்டு. செக்-இன் செய்யாமல் போனால் கவுண்டரில் 55 யூரோ. இலவசப் பை 40×30×20 செ.மீ., சக்கரமும் அளவில் சேரும்.

ஞாயிறு இரவு வீசேயில் இறங்கினால், ரயில் நிலையம் வரை பேருந்து, அங்கிருந்து ஆர்.ஈ. 10 ரயில். மாணவர் ஜெர்மனி டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயிலுக்கான பாஸ்) அந்த ரயிலுக்குச் செல்லும். ஆனால் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலே ஆஹன் வரையான கடைசி இணைப்பு போய்விடும். மதியத் தரையிறக்கம் உள்ள நாளாகப் பாருங்கள்.

திர்ஹம்_கணக்கு:
நேரம் பற்றி ஒன்று. மொராக்கோ ஆண்டு முழுவதும் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால், ரமலான் மாதத்தில் மட்டும் ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். ஆக, ஜெர்மனியின் குளிர்கால நேரமும் அவர்கள் நேரமும் ஒன்றே, கோடையிலும் ரமலானிலும் ஜெர்மனி ஒரு மணி முன்னால். பயணத்தைப் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளினால் ரமலான் எப்போது என்று பாருங்கள். பகலில் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும்.

சஹாராவை மறந்துவிடுங்கள், வருத்தமாகத்தான் இருக்கும். மெர்ஸூகா மணல்மேடுகள் மராக்கேஷிலிருந்து சாலையில் ஒன்பது பத்து மணி நேரம். ஸகோரா போகும் இரண்டு நாள் பயணமும் 2,260 மீட்டர் உயர டிஸி ந்டிச்கா கணவாய் வழியே, ஒரு பக்கம் ஏழு மணி நேரம் வேனில். தெருவில் 'பாலைவன இரவு' என்று விற்பது பெரும்பாலும் அகாஃபே. நகரத்திலிருந்து 30, 40 கிலோமீட்டர்தான். கல்லும் மேடுமான நிலம், மணல் கிடையாது. அது அழகுதான், ஆனால் தெரிந்து காசு கொடுங்கள்.

திர்ஹத்தை ஊரில் இறங்கி ஏடிஎம்மில் எடுங்கள். திரையில் யூரோவில் கழிக்கவா என்று கேட்டால் மறுத்து, திர்ஹமிலேயே கழிக்கச் சொல்லுங்கள். நாட்டை விட்டு 2,000 திர்ஹத்துக்கு மேல் எடுத்துப்போகக் கூடாது, மிச்சம் வைக்காமல் செலவழியுங்கள். சிறு டாக்ஸியில் ஏறும் முன் மீட்டர் போடச் சொல்லுங்கள், இரவில் பாதி கூடும். மஜோரெல் தோட்டத்துக்கு வாசலில் சீட்டு கிடையாது, நேரம் குறித்து ஆன்லைனில் எடுக்க வேண்டும். வெள்ளி பிற்பகல் சந்தைக் கடைகள் நிறைய மூடியிருக்கும்.

சைவமா? ஹரிரா சூப்பில் இறைச்சி இருக்கலாம். காய்கறித் தஜீனையும் (மண்சட்டியில் வேகும் குழம்பு) சில இடங்களில் இறைச்சிச் சாற்றில் வைப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பிஸ்ஸாரா என்ற பயறுக் கஞ்சியும் ம்செமன் ரொட்டியும் நம்பிச் சாப்பிடலாம். ம்செமன் நம் பரோட்டாவின் உறவு.

எல்லைக்கோடு:
கண்டம் மாறினால் போதும், மொராக்கோதான் வேண்டும் என்றில்லை என்றால், கார்டு வந்தபின் இன்னொரு வழி. ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் சேயூட்டா ஸ்பெயினின் நகரம், மொராக்கோ விசா தேவையில்லை. மலாகாவுக்கு விமானம், அங்கிருந்து அல்ஹெசிராஸுக்குப் பேருந்து, பின் ஒரு மணி நேரக் கப்பல். கப்பலில் பெரிய தள்ளுபடி உள்ளூர்வாசிகளுக்குத்தான், அதனால் போகவரக் கட்டணத்தை 72 யூரோவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். ஊர் 18.5 சதுர கிலோமீட்டர்தான், கோட்டை மதிலும் ஹாச்சோ மலையும் ஒரு நாளில் நடந்து முடிக்கலாம். திரும்பி ஸ்பெயின் பெருநிலத்துக்கு ஏறும்போது ஆவணச் சோதனை உண்டு.

ஆசியா என்றால் இஸ்தான்புல். சபிஹா கொக்சென் விமான நிலையமே ஆசியப் பக்கத்தில் இருக்கிறது, மெட்ரோ நேராக அதே பக்கத்தில் இருக்கும் கடிகோய் பகுதிக்கு வரும். இந்தியர்களுக்குத் துருக்கி மின்விசா கிடைக்க, செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவோ குடியிருப்புக் கார்டோ வேண்டும். ஃபிக்ஷன் தாளை வைத்து அதற்கு முயலாதீர்கள்.

ஆஹன்_மாணவி:
கார்டு கைக்கு வந்தபின் மராக்கேஷ், ரமலானுக்கு முன், நான்கு இரவு என்று முடிவு செய்துவிட்டேன். மொராக்கோவில் இறங்கியதும் ஏதாவது படிவம் நிரப்ப வேண்டுமா?

வாசல்_எண்_7:
முதல்முறை போகிறவர்களுக்கு நுழைவு முத்திரையோடு பாஸ்போர்ட்டில் ஓர் எண் கொடுப்பார்கள். ஹாஸ்டல் பதிவுப் படிவத்தில் அதைக் கேட்பார்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லை அதிகாரி கேட்கும்போது காகிதத்தில் கையில் இருக்க வேண்டும். அங்கே உங்கள் கைபேசியில் இணையம் இருக்காது.