ராத்திரி அடுக்கினேன், காலையில் கலைந்திருந்தது: மட்சா தயிர் பர்ஃபே அனுபவங்கள்

அரைத்தூக்கம்:

காலையில் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. ஃப்ரிட்ஜைத் திறந்தோமா, டம்ளரை எடுத்தோமா, கரண்டியைப் போட்டோமா என்று இருக்க வேண்டும். இந்த ஒரே ஆசையில்தான் போன சனிக்கிழமை ராத்திரி நான்கு கண்ணாடி டம்ளர்களில் மட்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள்) தயிர் பர்ஃபே அடுக்கி வைத்தேன். அடியில் வெள்ளைத் தயிர், அதன்மேல் கிரனோலா (மொறுமொறுவென்று வறுத்த ஓட்ஸ் கலவை), அதற்கும் மேல் மட்சா கலந்த பச்சைத் தயிர், நடுநடுவே கிவியும் ஸ்ட்ராபெரியும். முடித்தபோது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. படம்கூட எடுத்தேன். எடுத்தது நல்லதாகப் போயிற்று, காலையில் அதை நம்ப யாரும் தயாராக இல்லை.

மேலே அரை விரற்கடைக்குத் தண்ணீர் நின்றிருந்தது. பச்சை மங்கிப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது. கிரனோலா ஊறின அட்டை. மட்சாத் தயிரில் மிளகு அளவுக் கட்டிகள் வேறு. ஒன்றைக் கரண்டியால் நசுக்கினால் உள்ளே தூள் காய்ந்தபடியே இருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, கசப்புதான் தாங்கவில்லை. மட்சா என்றால் கொஞ்சம் கசக்கும்தானே என்று முதலில் அதைத்தான் திட்டினேன். அப்புறம் அடியில் இருந்த வெள்ளைத் தயிரைத் தனியாக எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். கிவித் துண்டு ஒட்டிய இடமெல்லாம் அதே கசப்பு. அங்கே மட்சா ஒரு பொட்டுகூடக் கிடையாது. இரண்டு டம்ளரைச் சாக்கடையில் கொட்டியாயிற்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கரண்டிக்காரி:

உங்கள் வெள்ளைத் தயிர் கசந்த இடத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு அது அன்னாசியில் நடந்தது. தயிர் கெட்டுப்போய்விட்டது என்று புதுத் தயிர் எடுத்தேன், அதுவும் கசந்தது. பழம் சரியில்லை என்று வேறு பழம் வெட்டினேன், மறுபடியும் கசந்தது. மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது.

பச்சைக் கிவியில் ஆக்டினிடின் என்று ஒரு நொதி இருக்கிறது. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பெயின். இவற்றுக்கெல்லாம் ஒரே வேலை: புரதத்தை வெட்டுவது. தயிரைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதே பால் புரதம்தான். அதை இவை ராத்திரி முழுக்கத் துண்டு துண்டாக வெட்டும்போது சில துண்டுகள் கசக்கும், கூடவே தயிரும் நீர்த்துப்போகும். இறைச்சியை மெத்தென்று ஆக்கப் பப்பாளிக்காயைத் தடவுவதும், பச்சை அன்னாசி போட்ட ஜெலட்டின் உறையாமல் அடம்பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

வெட்டி உடனே சாப்பிட்டால் ஒன்றும் தெரியாது. அரை மணி, ஒரு மணி என்று போனால்தான் வம்பு. அதனால் கிவி வேண்டுமென்றால் காலையில், சாப்பிடும் நேரத்தில் மேலே வையுங்கள். அன்னாசியை நான் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வைத்துப் போடுகிறேன், சூட்டில் நொதி செத்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அது சமர்த்தாக இருக்கும். ஸ்ட்ராபெரி, புளூபெரி, மாம்பழம் இவற்றோடு எனக்கு இந்தச் சண்டை வந்ததே இல்லை.

பச்சைமீசை:

கட்டிக் கதைக்கு நான் சாட்சி. முதல் தடவை மட்சாத் தூளை நேராகத் தயிரில் கொட்டிக் கலக்கியவன் நான். ஒரு கட்டி வாயில் உடைந்து, தூள் தொண்டையில் ஏறி, இருமி, எதிரில் உட்கார்ந்திருந்தவரின் சட்டையில் பச்சைப் புள்ளிக் கோலம். அதற்குமேல் விவரிக்க வேண்டாம்.

இந்தத் தூள் சாதாரணத் தேயிலைத் தூள் மாதிரி இல்லை. பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடிகளை வெயில் படாமல் மூடி வைப்பார்கள். நிழலில் இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், அந்தக் கண்ணைப் பறிக்கும் நிறம் அங்கிருந்து வருவதுதான். பறித்து, ஆவி காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கின இலைக்கு ஜப்பானில் டென்ச்சா என்று பெயர். அதைக் கல் திரிகையில் அரைத்தால் மட்சா. ஒரு திரிகை ஒரு மணி நேரம் சுற்றினாலும் 40 கிராம் அளவுதான் விழும். அவ்வளவு பொடி என்பதால் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுகொள்ளும், கெட்டித் தயிரில் நேராகப் போட்டால் உடையவே உடையாது.

இப்போது நான் செய்வது இது. ஒரு தேக்கரண்டி, அதாவது 2 கிராம் மட்சாவை டீ வடிகட்டியில் சலித்துக்கொள்வேன். ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் குழைப்பேன். வெந்நீர் என்றால் கொதிநீர் இல்லை, கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறியது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருந்தால் போதும், தளதளவென்று கொதிக்கிற நீரில் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாகிவிடும். மட்சா கடைகிற மூங்கில் மத்து இருந்தால் நல்லது. என்னிடம் இல்லை, ஒரு சின்ன முள்கரண்டி போதுமாக இருக்கிறது. விழுது பளபளவென்று ஆனதும் ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கலக்க வேண்டும். அது சீரானபின் மீதித் தயிர். 100 கிராம் தயிருக்கு இந்த அளவு எனக்குச் சரி, முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்குப் பாதி போதும். தேனையும் விழுதிலேயே கலந்துவிடுங்கள்.

(இதை நான் ஒவ்வொரு தடவை 'மச்சா' என்று உச்சரிக்கும்போதும் அறை நண்பன் "என்னடா?" என்று திரும்பிப் பார்க்கிறான்.)

நிதானம்:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. தயிர் இருந்தால் நீர் பிரியும், கரண்டி பட்ட இடத்தில் இன்னும் சீக்கிரம் பிரியும். நான் சாயங்காலமே மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டிமேல் வைத்து, ஃப்ரிட்ஜில் விட்டுவிடுவேன். நாலு மணி நேரத்தில் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும். கிரீக் யோகர்ட் வாங்குகிறவர்களுக்கு இந்த வேலை மிச்சம். கெட்டியாக இருந்தால்தான் கோடு நிற்கும், நீர்த்த தயிரில் பச்சையும் வெள்ளையும் ஒன்றில் ஒன்று வழிந்துவிடும்.

பழமும் தண்ணீர் விடும். ஒருநாள் ஸ்ட்ராபெரியை வெட்டித் தேனில் புரட்டி அடுக்கினேன். இனிப்பு பட்டதும் பழம் சாற்றைக் கக்கி, காலையில் டம்ளர் அடியில் ஒரு சிவப்புக் குளம். உறைய வைத்த பழம் இதைவிட மோசம், பனிப்படிகம் செல்லையெல்லாம் கிழித்துவிடுவதால் உருகும்போது அப்படியே வடியும். அதை நான் தனிக் கிண்ணத்தில் உருகவிட்டு, வடிந்த சாற்றில் சியா விதையைப் போட்டு ஊற வைக்கிறேன். சியா தன் எடையைப் போலப் பத்து மடங்கு வரை நீரை இழுத்துக்கொள்ளும். அதுவே அடி அடுக்காகிவிடுகிறது, ஒரு சொட்டு வீணில்லை.

கண்ணாடியில் பழம் தெரிய வேண்டுமென்றால் ஸ்ட்ராபெரியைத் தாள் கனத்துக்கு நீளவாக்கில் சீவி, ஈரத்தைத் துடைத்து, வெட்டிய முகத்தை உள்சுவரில் வைத்து அழுத்துங்கள். தானாகவே ஒட்டி நிற்கும். பிறகு ஜிப் பையின் மூலையைக் கத்தரித்து, அதில் தயிரை நிரப்பி நடுவில் பிழியுங்கள். கரண்டியால் போட்டால் விளிம்பெல்லாம் அப்பிக்கொள்ளும்.

மொறுமொறு:

கிரனோலாவை ராத்திரியே போடாதீர்கள். தனி டப்பா. காலையில் தூவுங்கள். இதில் பேச ஒன்றுமே இல்லை.

கரண்டிக்காரி:

மொறுமொறு சொன்னது சரிதான், ஆனால் ஊறின கிரனோலாவுக்கும் ஆள் இருக்கிறார்கள். நான் ஒருத்தி.

தாமரையிலை:

நிறம் மங்கினதைப் பற்றி. தயிர் புளிப்பு, அந்தப் புளிப்பில் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் மெல்லக் கழன்று போகும். போனதும் பச்சை பழுப்புப் பக்கம் சாயும், பச்சைக் காயை வேக வைக்கும்போது நிறம் செத்துப்போகிற அதே கதைதான். குளிரில் மெதுவாக நடக்கும், ஆனால் ஒரு ராத்திரி என்பது அதற்குப் போதுமான அவகாசம். வாழைப்பழம் கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிவார்கள் இல்லையா, அந்த யோசனையில் நான் ஒருமுறை மட்சாத் தயிரிலும் இரண்டு சொட்டு விட்டேன். காலையில் காக்கிச் சட்டை நிறம்.

என் வழக்கம்: புளிக்காத தயிர், மட்சா விழுதைக் காலையில்தான் கலப்பது. இரண்டு நிமிட வேலை. பொட்டலத்தையும் கவனியுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டாலே தூள் நிறம் இறங்கும், இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். எடுத்த உடனே திறக்காமல் வெளிக்குளிர் போகவிட்டுத் திறந்தால் உள்ளே ஈரம் கோக்காது.

இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் டம்ளரில் வெள்ளைத் தயிரே இருக்கட்டும். இலையை வடிகட்டாமல் முழுசாகச் சாப்பிடுகிறோம், காஃபினும் முழுசாக உள்ளே போகும். என் பையன் ஒரு ஞாயிறு மதியம் தூங்கவே மறுத்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மறுபடி இறங்கினேன், இந்தத் தடவை இரண்டே டம்ளர்.

தயிரைத் துணியில் கட்டி வடித்தேன். அரைக் கிலோவில் ஒரு டம்ளருக்கு மேல் நீர் இறங்கியது, இத்தனையும் போன வாரம் என் பர்ஃபேக்குள்தான் இருந்தது என்று நினைக்கவே திகைப்பாக இருந்தது. அடியில் புளூபெரிச் சாற்றில் ஊறின சியா, மேலே வெள்ளைத் தயிர், சுவரில் ஸ்ட்ராபெரிச் சீவல். அத்தோடு மூடி வைத்துவிட்டேன். காலையில் மட்சாவைச் சலித்து, குழைத்து, மீதித் தயிரில் கலந்து மேலே பிழிந்தேன். கட்டி இல்லை. நிறம் தளிர் மாதிரி இருந்தது. கிவி நாலு துண்டு, கிரனோலா ஒரு கைப்பிடி, அப்படியே மேசைக்கு.

கசப்பு இருந்தது, ஆனால் இது வேறு கசப்பு. தேன் நாக்கில் கரைந்து முடிந்தபிறகு மெல்ல வந்து நிற்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்றுதான் குறை. ஸ்ட்ராபெரிச் சீவலில் ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரை விட்டு நழுவித் தயிருக்குள் முழுகிவிட்டது. துடைக்கச் சொன்னீர்கள், சோம்பலில் ஒன்றை மட்டும் துடைக்காமல் ஒட்டினேன். அதேதான் விழுந்திருக்கிறது.