அறுபதுக்கு மேல் குட்டை முடி, வட்ட முகத்துக்கு எடுக்குமா?

கேள்வி: எனக்கு 61 வயது. தோள் வலியால் பின்னல் போடக் கை எட்டவில்லை, முடியும் கொட்டி எலிவால் ஆகிவிட்டது. வட்ட முகம், லேசான சுருட்டை. பாப் (தாடை, கழுத்து அளவில் நிற்கும் குட்டை முடி) வெட்டினால் முகம் இன்னும் பெரிதாகத் தெரியுமோ?

பதில் 1: தாடையோடு நிறுத்தினால் அகலமாகத்தான் தெரியும் அக்கா, இரண்டு விரல் கீழே விடுங்கள். சுருட்டை காய்ந்ததும் மேலே ஏறும், அதனால் காய்ந்த முடியிலேயே வெட்டச் சொல்லுங்கள். நான் ஈரத்தில் வெட்டிக்கொண்டு, அது காது வரை சுருண்டு, ஒரு மாதம் முக்காடு போடாத குறைதான்.

பதில் 2: நிறைய லேயர் (அடுக்கடுக்காக வெட்டுவது) வேண்டாம், நுனி இன்னும் மெலியும். நுனி ஒரே மட்டமாக இருந்தால் அடர்த்தியாகத் தெரியும். முடி மாதம் 1 செ.மீ. போல வளரும், எட்டு வாரத்துக்கு ஒருமுறை சரிசெய்ய வேண்டும்.

கேட்டவர்: சரி, அப்புறம் பூ?

பதில் 1: காதோரம் ஒரு ஊசியில் குத்துங்கள், நிற்கும்.